அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு ஒரே அளவுகோல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜனவரியில், பள்ளியாண்டு பாதி ஓடியிருந்த நேரத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சுமார் 12,000 பிள்ளைகள் பள்ளி இல்லாமல் நின்றார்கள். எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ என்ற ஆன்லைன் சார்ட்டர் பள்ளியை மூடிவிட்டார்கள். சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், ஓர் ஒப்பந்தத்தின்பேரில், தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி. 2015-16ஆம் ஆண்டில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயரில் அது பணம் வாங்கியிருந்தது. கல்வித்துறை பதிவுகளைக் கேட்டுச் சரிபார்த்தபோது, முழுநேர மாணவர்கள் என்று நிரூபிக்க முடிந்தது ஏறக்குறைய 6,300 பேரைத்தான்.

பள்ளி வைத்த வாதத்தைக் கேளுங்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 920 மணி நேரப் பாடம் வேண்டும் என்பது விதி. “அந்த 920 மணி நேரத்தையும் நாங்கள் கிடைக்கச் செய்தாலே போதும், பிள்ளை உள்ளே வந்து படித்ததா என்று அரசு கேட்க முடியாது” என்றார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் 4-2 என்று அதை நிராகரித்தது. பணத்தில் ஒரு பகுதி, பள்ளியை நிறுவியவரின் சொந்தக் கம்பெனிகளுக்கே போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் வருகைப்பதிவு எடுக்கும் ஒரு சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்!

“எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல்” என்று கேட்பவர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான். பேச்சு நேராகத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் நிற்க வேண்டியவை சின்னச் சின்னக் கேள்விகள்: எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்? அதை யார் எண்ணினார்கள்? பணம் எந்தக் கணக்குக்குப் போனது? இதற்கே பதில் இல்லாத இடத்தில் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது, பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்து விதியை முடிவு செய்வது. ‘தனியார் பள்ளிதானே, அதை ஏன் கேட்க வேண்டும்’ என்கிறார்கள். பெற்றோரின் சொந்தப் பணத்தில் மட்டும் நடந்தால் அது ஒரு பேச்சு. வவுச்சர், அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்காக அரசு பெற்றோருக்குத் தரும் உதவி, அதன் மூலம் வரிப்பணம் வந்துவிட்டால், கேள்வியும் அந்தப் பணத்தோடு கூடவே வரவேண்டும். 1990-இல் வவுச்சர் திட்டம் தொடங்கிய அமெரிக்க நகரமான மில்வாக்கியில், வவுச்சர் மாணவர்கள் மாநிலத் தேர்வை எழுத வேண்டும் என்ற விதி 2010-11-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் இருபது ஆண்டுகள். இந்தியானா மாநிலம் அப்படி விடவில்லை. 2011-இல் திட்டம் கொண்டுவந்தபோதே வவுச்சர் பள்ளிகளும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும், பள்ளியின் தரத்தைக் காட்டும் A முதல் F வரையிலான எழுத்தும் வாங்க வேண்டும் என்று வைத்தது. அரிசோனா மாநிலம் 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட கல்விக் கணக்குத் திட்டத்தில் (பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அரசு ஒரு கணக்கில் பணம் போடும் முறை) மாநிலத் தேர்வுக் கட்டாயமே இல்லை. ஒரே நாடு, ஒரே வகைப் பணம், மூன்று விதமான பதில்.

‘பிடிக்காவிட்டால் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வார்கள், அதுவே கணக்குக் கேட்பதுதான்’ என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் தகவல் கையில் இருந்தால்தான் பெற்றோர் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்வீடனில் 2020-இல் என்ன நடந்தது தெரியுமா? தனியார் நடத்தும் பள்ளிகளின் புள்ளிவிவரங்களை வணிக ரகசியமாகக் கருத வேண்டும் என்றாகி, கல்வி முகமை பள்ளிவாரித் தகவல்கள் வெளியிடுவதையே நிறுத்தும் நிலை வந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள்.

சரி, இனி மதிப்பெண். ‘ஒரே அளவுகோல்’ என்றால் ஒரே ஒரு எண் என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் 2002-இல் கையெழுத்தான சட்டம், 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது, பின்தங்கும் பள்ளிகளுக்குத் தண்டனையும் வைத்தது. தண்டனை ஒரே எண்ணின்மேல் தொங்கினால் அந்த எண்ணை வளைக்க ஆள் வந்துவிடும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் அதுதான் நடந்தது. விடைத்தாள்களில் தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்ட இடங்கள் இயல்புக்கு மீறி இருப்பதை வைத்துத்தான் பிடித்தார்கள். 2011 விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும், 178 ஆசிரியர்கள், நிர்வாகிகளுக்குத் தொடர்பு இருந்ததாகவும் சொன்னது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் உதவி, ‘இவர்கள்தான் தேறிவிட்டார்களே’ என்று கிடைக்காமல் போனது. எனக்கு இதில் ஆறாத கோபம் அதுதான். ஒரு பிள்ளை ஆண்டின் தொடக்கத்தில் எங்கே நின்றது, முடிவில் எங்கே வந்தது என்ற வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் தேர்வு எழுதினார்கள் என்பதைவிட யார் எழுதவில்லை என்பது முக்கியம். அமெரிக்காவின் இப்போதைய கூட்டாட்சிச் சட்டம் குறைந்தது 95 சதவீத மாணவர்களைத் தேர்வெழுத வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் தேர்வுக்கு முன்பே பள்ளியை விட்டுப் போன பிள்ளையை அந்த விதி பார்க்காது. அதனால் செப்டம்பரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், மே மாதத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், காலியான இடங்களை நிரப்பினார்களா என்பதும் அறிக்கையில் இருக்கட்டும். குறிப்பாக மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் அவர்களுக்குச் சட்டப்படி தனிக் கல்வித் திட்டம் பெறும் உரிமை உண்டு. பெற்றோரே தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டால் அந்தத் தனிப்பட்ட உரிமை அப்படியே கூட வருவதில்லை. கையெழுத்துப் போடும்போது பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. அதை எழுத்தில் கொடுக்க வேண்டியது பள்ளியின் கடமை.

இன்னொரு தவறு நம் பக்கத்தில் இருக்கிறது. வழக்கமான அரசுப் பள்ளியை நேசிப்பவர்கள் சார்ட்டர் பள்ளிகளை மட்டும் கூண்டில் ஏற்றப் பார்க்கிறோம். சார்ட்டர் பள்ளியின் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முடியும், புதுப்பிக்க மறுக்கலாம். அரசுப் பள்ளி எவ்வளவு ஆண்டு பின்தங்கினாலும் அப்படி ஒரு நாள் வருவதில்லை. கேள்வியைப் பொதுவாக்கினால் அது இரண்டு பக்கமும் வெட்டும். வெட்டட்டும்.

கடைசியாக, பள்ளி மூடப்பட்டால் என்ன என்பதை யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. மதிப்பெண் பதிவேடு யாரிடம் போகும்? மீதிப் பணமும் மேசை, கணினிகளும் யாருக்கு? பத்தாம் வகுப்பில் பாதியில் நிற்கும் பிள்ளையை எந்தப் பள்ளி, எத்தனை நாளுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்? பள்ளி திறக்க அனுமதி கேட்டு வரும் முதல் நாளே இந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், யார் நடத்தும் பள்ளியாக இருந்தாலும்.