ஃப்ரண்ட் ஃப்ளிப்பில் உட்கார்ந்தே விழுகிறீர்களா?

ஃப்ரண்ட் ஃப்ளிப், அதாவது முன்பக்கமாக அந்தர் பல்டி அடிக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சுற்றுவதில் இல்லை, எழும்புவதில்தான். சுற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் தலையை முதலிலேயே கீழே குத்திவிடுகிறோம். உயரம் போய்விடும், பாதிச் சுற்றில் தரை வந்துவிடும், தொப்பென்று உட்கார வேண்டியதுதான்.

முதலில் மேலே, அப்புறம்தான் சுற்று. ஓடிவந்து கடைசியாக வைக்கும் தாவல் தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கட்டும். இரண்டு பாதமும் ஒன்றாக, உடம்புக்குக் கொஞ்சம் முன்னால், முன்பாதத்தில் இறங்க வேண்டும். முழங்காலை ஆழமாக மடக்காதீர்கள். பந்து தரையில் பட்டுத் துள்ளுவதைப் போல உடனே எகிற வேண்டும். கைகள் காதை ஒட்டி மேலே போகும். அந்த நொடியில் பார்வை நேராக எதிர்ச்சுவரில் இருக்கட்டும். பிறகு இடுப்பைத் தூக்கி, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கைகளால் முழங்காலுக்குக் கீழே கணைக்காலைப் பிடித்து இறுக்கமாகச் சுருளுங்கள். சுருள் எவ்வளவு சிறியதோ, சுற்று அவ்வளவு வேகம்.

உயரம் நன்றாக இருந்தும் உட்கார்ந்து விழுந்தால், சுருளைச் சீக்கிரமே பிரித்துவிடுகிறீர்கள் என்று பொருள். இன்னும் ஒரு கணம் பிடித்திருங்கள்.

உயரம் வருவதற்கு நான் எப்போதும் சொல்லும் பயிற்சி: இடுப்பு உயர மெத்தை அடுக்கின்மேல் எகிறி உருள்வது. எழும்பாமல் அதன்மேல் போகவே முடியாது. பக்கவாட்டிலிருந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பயிற்சியாளரும் தடித்த மெத்தையும் இல்லாமல் வெறும் தரையில் தயவுசெய்து முயல வேண்டாம், கழுத்து விஷயம்.