பாரம் இழுக்கும் மோட்டார் சைக்கிளுக்குக் கிளச் வேலை

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் கராஜ் வைத்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, முறுக்கினா இரையுது, இழுக்குதில்லை. ஹார்ட் ஸ்பிரிங் போட்டு விடுங்கோ." பின்னால் நெல்மூடை, வாய்க்கால் கரை மணல், அரைக் கிளச்சிலேயே ஓட்டம். கிளச் பிளேட் தேயாமல் என்ன செய்யும்?

பிளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் பிறகு. முதலில் கேபிளைப் பாருங்கள். பிடியின் அடியில், அது தாங்கியோடு சேரும் இடத்தில், 2 - 3 மில்லிமீற்றர் தளர்வு வேண்டும். கேபிள் விறைத்து நின்றால் புதுப் பிளேட்டும் வழுக்கும். அடுத்தது ஒயில். இந்தக் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே கிடப்பது, அதனால் கார் ஒயில் ஊற்றக்கூடாது. போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று, இப்படியான கிளச்சுக்கு ஏற்றது எனக் காட்டும் தரக் குறி இருக்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கழற்றலாம். எஞ்சின் ஆறியதும் ஒயிலை வடித்து மூடியைத் திறவுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளுக்கு இடையில் இருக்கிற இரும்புத் தட்டுகளைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்துவிட்டது, நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. இரண்டையும் திரும்பப் போடவேண்டாம். பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கிற கூடை, அதுதான் பாஸ்கெட், அதன் விரல்களை நகத்தால் தடவுங்கள். பள்ளம் நகத்தில் தட்டினால், பிளேட் அதில் சிக்கி விடுபடாது. புதுப் பிளேட்டுகளை முதல்நாள் இரவே ஒயிலில் ஊறவிடுங்கள். பூட்டும்போதும் போல்ட்டைக் குறுக்காகவே இறுக்குங்கள், கம்பனி சொன்ன அளவுக்கு மட்டும். அது ஏறும் தூண் அலுமினியம், உடைந்தால் பெரிய செலவு.

பிளேட் நல்லதென்றால் கம்பனி ஸ்பிரிங்கே போதும். ஹார்ட் ஸ்பிரிங் பிடியைக் கடினமாக்கும். வன்னியில் கையில் காயம் பட்டவர்கள், விரல் இழந்தவர்கள் எத்தனையோ பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் அதைப் போடுவதே இல்லை. எஞ்சின் பக்கம் கேபிள் மாட்டுகிற நெம்புகோலை, நல்ல வெல்டரிடம் கொடுத்துக் கொஞ்சம் நீட்டுவிப்பேன். பிடி இலேசாகிவிடும். ஆனால் நீட்ட நீட்டப் பிளேட் விலகும் தூரம் குறையும், அதனால் அளவு முக்கியம். நீட்டிய துண்டில் இரண்டு மூன்று துளை போட்டு வையுங்கள். வெளிக் கடைசித் துளையில் கேபிளை மாட்டி, எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் கியரைப் போட்டு, கிளச்சைப் பிடித்தபடி பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் சரி. இறுக்கிப் பிடித்தால் ஒரு துளை உள்ளே வாருங்கள்.