வூகாமர்ஸ் கடையில் நிற வட்டங்கள், அளவுப் பொத்தான்கள் வைப்பது எப்படி?

டி-சர்ட் விற்கிறீர்கள். நான்கு நிறம், மூன்று அளவு. வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் இதை வழக்கமாக இரண்டு டிராப்டவுன் பெட்டிகளாகத்தான் காட்டும். வாங்க வந்தவர் பெட்டியைத் திறந்து "மெரூன்" என்று படித்துவிட்டு, அது எந்த மெரூனோ என்று யோசிக்க வேண்டும். அதற்குப் பதிலாக நிற வட்டங்களும் அளவுப் பொத்தான்களும் வைக்கலாம். இவற்றை ஸ்வாட்ச் என்பார்கள். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்வாட்ச் வெறும் மேற்பூச்சுதான். அடியில் வேரியேஷன்கள், அதாவது நிறமும் அளவும் சேர்ந்த சேர்க்கைகள், ஒழுங்காக இல்லாவிட்டால் எந்த ப்ளகினும் (கூடுதல் வசதிக்கு நிறுவும் துணை மென்பொருள்) காப்பாற்றாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. அட்ரிபியூட்

அட்ரிபியூட் என்றால் பொருளின் பண்பு. ப்ராடக்ட்ஸ் மெனுவில் அட்ரிபியூட்ஸ் பக்கத்துக்குப் போய் "நிறம்", "அளவு" என்று இரண்டு உருவாக்குங்கள். பெயர் தமிழில் இருக்கட்டும். ஸ்லக்கை (இணைய முகவரியில் பயன்படும் குறும்பெயர்) மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். ஸ்லக்குக்கு 28 எழுத்துதான் எல்லை. தமிழ் எழுத்துகள் கூடுதல் இடம் பிடிப்பதால், கொஞ்சம் நீளமான பெயர் என்றாலே பிழைச்செய்தி வந்துவிடும்.

பிறகு "கான்ஃபிகர் டெர்ம்ஸ்" அழுத்தி, டெர்ம்களை, அதாவது அந்தப் பண்பில் வரும் தேர்வுகளை, மெரூன், நேவி ப்ளூ, வெள்ளை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தனிப் பொருளின் பக்கத்திலேயே அட்ரிபியூட்டைத் தட்டச்சு செய்யும் குறுக்குவழியும் இருக்கிறது. அது வேண்டாம். நிற வட்டம் வைக்க இந்தப் பொதுப் பட்டியல்தான் வேண்டும்.

2. வேரியேஷன்

பொருளைத் திறந்து "வேரியபிள் ப்ராடக்ட்" என மாற்றுங்கள். அட்ரிபியூட்ஸ் பகுதியில் இரண்டையும் சேர்த்து, "யூஸ்டு ஃபார் வேரியேஷன்ஸ்" கட்டத்தில் டிக் செய்து சேமியுங்கள். வேரியேஷன்ஸ் பகுதியில் "ஜெனரேட் வேரியேஷன்ஸ்" அழுத்தினால் 12 சேர்க்கைகள் வந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள். விலை இல்லாத வேரியேஷனை வாங்க முடியாது. எதற்குமே விலை இல்லையென்றால், கிடங்கு நிறைய சரக்கு இருந்தாலும் கடை "இருப்பில் இல்லை" என்று சொல்லும். அப்படியே அந்தந்த நிறத்தின் படத்தையும் ஏற்றுங்கள். வட்டத்தைத் தொட்டதும் பெரிய படம் மாறுவது இதனால்தான்.

3. ப்ளகின்

"வேரியேஷன் ஸ்வாட்சஸ் ஃபார் வூகாமர்ஸ்" என்று தேடி நிறுவுங்கள். இலவசப் பதிப்பே போதும். போட்டவுடன் அட்ரிபியூட் பக்கத்தில் "டைப்" என்ற தேர்வு கூடுதலாக வரும். நிறத்துக்கு கலர், அளவுக்கு பட்டன். அப்புறம் ஒவ்வொரு நிற டெர்முக்கும் உரிய நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். மனதில் இருக்கும் மெரூனைப் போடாமல், பொருளின் படத்திலிருந்தே நிறத்தை எடுங்கள். வட்டத்தில் ஒரு நிறம், பார்சலில் வேறு நிறம் என்றால் பொருள் திரும்பி வரும். வெள்ளை வட்டம் வெள்ளைப் பக்கத்தில் கரைந்துவிடாமல் ஓரக்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

சேலை விற்பவர்களுக்கு இந்த நிற வட்டம் சரிப்படாது. உடல் பச்சை, பார்டர் அரக்கு என்றால் ஒற்றை வட்டம் எதைக் காட்டும்? டைப்பில் இமேஜ் தேர்ந்தெடுத்து, உடலும் பார்டரும் சேரும் இடத்தை நெருக்கத்தில் எடுத்த படத்தைப் போடுங்கள்.

4. அமைப்புகள்

தேர்ந்தெடுத்த நிறத்தின் பெயர் தலைப்புக்குப் பக்கத்தில் தெரியும்படி வையுங்கள். கைபேசியில் சுட்டியை மேலே வைத்துப் பெயர் பார்க்க வழியில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் பெயர்தான் துணை. தீர்ந்துபோன அளவை மறைக்காமல் குறுக்குக்கோடு போட்டுக் காட்டுவதே எனக்குப் பிடிக்கும். மறைத்துவிட்டால் அந்த அளவே இந்தக் கடையில் கிடைக்காது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

இந்தக் குறுக்குக்கோட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பொருளுக்கு 30 வேரியேஷன்களுக்கு மேல் போனால், வூகாமர்ஸ் விவரங்களைப் பக்கத்தோடு ஏற்றாது. எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகே சர்வரிடம் கேட்கும். அதனால் தீர்ந்த அளவுகளும் இருப்பதுபோலவே தெரியும். பொருளை இரண்டாகப் பிரிப்பது எளிய தீர்வு.

சரி, கைபேசியில் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுப் பாருங்கள். படம் மாற வேண்டும், விலை வர வேண்டும், கார்ட்டில் அதே நிறமும் அளவும் விழ வேண்டும். பழையபடி டிராப்டவுன்தான் தெரிகிறதென்றால் முதலில் கேஷை (சேமித்து வைத்திருக்கும் பழைய பக்க நகல்) அழித்துப் பாருங்கள்.