உறைந்து வெடித்த ரேடியேட்டர்கள்

நாங்கள் வாங்கிய பழைய வீடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. அறைகளைச் சூடாக்க, சுடுதண்ணீர் ஓடும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் அங்கே இருந்தன. அவற்றிலும் குழாய்களிலும் இருந்த தண்ணீரை யாரும் வடிக்கவில்லை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும்.

கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு ரேடியேட்டர்களில்தான். சரி, மற்றவை தப்பித்தன என்று தண்ணீரைத் திறந்திருந்தால் மரத்தரை போயிருக்கும். நல்லவேளை, முதலில் குறைந்த அழுத்தத்தில் காற்றை அடைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஜன்னலடி ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில், பெயின்டுக்குள் மயிரிழை போல ஒரு கோடு. அதில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

வெல்டிங் வைக்கலாம் என்றார்கள். வார்ப்பிரும்பில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மூன்றையும் மாற்றிவிட்டேன்.

அப்புறம், எதை வைத்துச் சூடாக்குவது? ஹீட் பம்ப் என்று முடிவெடுத்தேன், அதாவது வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி. தண்ணீரை 45 டிகிரி அளவில் அனுப்பினால்தான் அதில் சிக்கனம். அந்த மிதமான சூட்டுக்கு ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அதனால் புதியவற்றை ஓர் அளவு கூட்டியே எடுத்தேன். அதற்கும் முன்னால் பரணில் வெப்பக்காப்பு விரித்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்தேன். இப்போதெல்லாம் வெளியூர் போனால் ஹீட்டிங்கை அணைப்பதில்லை, குறைத்து வைத்துவிட்டுப் போகிறேன்.