அட்டையைப் பார்த்தே போலியைக் கண்டுபிடித்துவிடலாமா? மருந்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலி மருந்து பிடிபட்டதாகச் செய்தி வந்தால் போதும், மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்ற ஆரம்பித்துவிடும். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, மாத்திரையின் நிறம் மங்கலாக இருக்கிறதா, அட்டையின் ஓரம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நம்புகிறோமே, முதல் தவறு அதுதான்.

2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பலை எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்கள் சிலர் மூலம் வாங்கி, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மலிவான மருந்தை அதில் நிரப்பி விற்றார்கள் என்பது வழக்கு. குப்பி அசல், லேபிள் அசல், பாட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குக் கொடுக்கும் எண்) அசல். உள்ளே இருந்தது மட்டும் வேறு. இதை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? இப்படி ஒரு சிகிச்சை வீட்டில் யாருக்காவது நடந்தால், ஊசி போட்ட பிறகு காலிக் குப்பியையும் அட்டைப்பெட்டியையும் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியைக் கிழித்து, லேபிளை மார்க்கரால் அடித்துவிட்டு அகற்றச் சொல்லுங்கள். நர்ஸிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். தெரிந்தவர் மூலம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கண்ணால் முடியாது என்றால் நம் கையில் வேறு என்ன இருக்கிறது? மருந்து எந்தக் கடையிலிருந்து, எந்த பாட்சிலிருந்து வந்தது என்ற தடயம் இருக்கிறது. நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்தத் தடயத்தைத்தான் அழிக்கின்றன.

“பில் வேண்டாம், கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க” என்பது அதில் ஒன்று. முறையான பில்லில் கடையின் லைசென்ஸ் எண், மருந்தின் பெயர், பாட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் இருக்கும். பிரச்சினை என்று வந்தால் கடையிலிருந்து மொத்த விற்பனையாளருக்கும், அங்கிருந்து கம்பெனிக்கும் போக இருக்கும் ஒரே வழி அந்தத் துண்டுக் காகிதம். பத்து இருபது ரூபாய்க்காக அதை விட்டுக்கொடுக்கிறோம்.

அப்புறம், அட்டையை வெட்டி வாங்கும் பழக்கம். நாலு மாத்திரை போதும் என்றால் கடைக்காரர் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பார். பாட்ச் நம்பரும் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். அந்த முனை கடையிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெயர் பாதி வெட்டுப்பட்ட ஒரு துண்டு. முழு அட்டை வாங்கப் பணம் இல்லாதவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெட்டுவதற்கு முன் அந்த முனையை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் காசு செலவில்லை.

கியூஆர் கோடு பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 1 முதல் டோலோ, கால்பால், அலெக்ரா உட்பட அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் மேலுறையில் இது கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பாட்ச், தேதிகள் வரும். ‘வந்தது, அப்போ அசல்தான்’ என்று நிறுத்திவிடக் கூடாது. கியூஆர் கோடையும் நகல் எடுக்கலாம். திரையில் வரும் பாட்ச் நம்பரும் தேதியும் அட்டையில் அச்சாகியிருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது. பொருந்தாவிட்டால் அந்த மருந்தை வாங்காதீர்கள்.

சரி, லைசென்ஸ் உள்ள கம்பெனி, முறையான கடை, பில் எல்லாம் இருந்தால் பயமில்லையா? 2025-இல் நடந்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப் விவகாரம் அந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் பக்கத்தில். அது போலி மருந்தே அல்ல. லைசென்ஸ் வாங்கிய ஆலையிலிருந்து சொந்த லேபிளோடு வந்த சரக்கு. எஸ்ஆர்-13 என்ற பாட்சைத் தமிழ்நாடு அரசு ஆய்வகம் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்.

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பான். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். சிரப்புக்கு வாங்கும் கரைப்பான் மருந்துத் தரத்தில் இல்லாமல், அதைச் சோதிக்காமலும் சேர்த்தால் இது உள்ளே வந்துவிடும். 1937-இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்துக் கரைசலில் இதே பொருள் இருந்து 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022-இல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் இதே விஷம் கலந்த சிரப்பால் இறந்ததும் குழந்தைகள். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷம் இது. சோதிக்கவும் முடியும். ஆலையும் அதிகாரிகளும் செய்ய வேண்டிய வேலைக்குப் பெற்றோரைப் பொறுப்பாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் நம் பக்கம் தவிர்க்கக்கூடியது ஒன்று உண்டு: “குழந்தைக்கு இருமலுக்கு ஏதாவது கொடுங்க” என்று மெடிக்கலில் கேட்பது. இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து எழுதவே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்பது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. சளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. போன மாதம் அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருக்கும் பாட்டிலை இப்போது தம்பிக்கு ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். எந்த சிரப் கொடுத்தாலும், அதன் பிறகு வாந்தி வந்து, குழந்தை ஒன்றுக்குப் போவது குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதைவிடப் பரவலாக, இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பொட்டலம். சில சின்ன கிளினிக்குகளில் மூன்று நிறத்தில் மூன்று மாத்திரை, பாதியாக உடைத்த இன்னொன்று, எல்லாவற்றையும் வெள்ளைக் காகிதத்தில் மடித்து ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று கொடுப்பார்கள். பெயர் இல்லை, பாட்ச் இல்லை. இரண்டே வேளையில் மூட்டுவலி பறந்துவிடும், பசி பிரமாதமாக எடுக்கும், கைராசி டாக்டர் என்று பெயர் பரவும். பல நேரம் அந்தக் கைராசிக்குப் பெயர் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் லேபிள் இல்லாத டப்பாவில் விற்கும் சில ‘மூலிகைப் பொடி’களிலும் இதே கதைதான். சர்க்கரைக்கான பொடி என்றால் அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருப்பார்கள். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் அதையும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவார். சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மருந்துகளுக்கும் லைசென்ஸ், பாட்ச் எல்லாம் உண்டு. அது இல்லாத டப்பாவைத்தான் சொல்கிறேன்.

இங்கே இன்னொரு தவறு காத்திருக்கிறது. ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து ஒரே நாளில் நிறுத்துவது. நீண்ட நாள் சாப்பிட்டவருக்கு உடம்பே சுரக்க வேண்டிய ஹார்மோன் அடங்கிப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு உடனே ஒரு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகத்தான் குறைப்பார்.

விலை குறைவாக இருந்தாலே போலி என்று நினைப்பதும் தப்பு. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவதற்கு முக்கியக் காரணம் பிராண்டு பெயர் இல்லாததுதான்.

மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் பலரும் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். சாப்பிடுவதா என்று டாக்டரிடம் கேளுங்கள், மிச்சத்தை அதன் அட்டையோடும் பில்லோடும் தனியாக எடுத்து வையுங்கள். பக்க விளைவு என்றால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். தரத்தில் சந்தேகம் என்றால் மாவட்டத்தின் மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம், பிரிவு 26-இன்படி, மருந்து வாங்கியவர் தாமே கட்டணம் கட்டி அதை அரசு ஆய்வகத்தின் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். இந்தப் பிரிவு இருப்பது மெடிக்கல் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.