ஒரு வாரத்தில் குவில்ட்: வேலை எங்கே மாட்டிக்கொள்கிறது

துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் விரிப்புதான் குவில்ட். தானத்துக்கு இரண்டு, பரிசுக்கு மூன்று என்று கணக்குப் போட்டு ஆரம்பித்த குவில்ட் வாரம், ஏழாம் நாள் முடியும்போது ஐந்து மேல்துணிகளோடு நின்றுபோவது வழக்கம். ஒன்றுகூட முடிந்திருக்காது. துண்டுகளை இணைத்து மேல்துணி தைப்பதுதான் பெரிய வேலை என்ற நினைப்புதான் முதல் தவறு. அது பாதி வேலைகூட இல்லை. மூன்று அடுக்கையும் பொருத்தி சேஃப்டி பின் குத்துவது, மூன்றும் சேரும்படி குவில்ட் தையல் போடுவது, ஓரப்பட்டி வைப்பது, துவைத்துக் காயவைப்பது என்று மீதி நேரத்தை விழுங்கும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் வாரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் துவைக்கவும் உலரவும். ஆறாம் நாள் ஓரப்பட்டி. நான்கும் ஐந்தும் பின் குத்தி, குவில்ட் தையல் போட. வெட்டுவதற்கும் இணைப்பதற்கும் முதல் மூன்று நாள்தான். இந்தக் கணக்கில் 36 அங்குலச் சதுரத்தில் இரண்டு குவில்ட்டும், சின்னப் பரிசாக நாலைந்து பாத்திரம் பிடிக்கும் துணியும் முடியும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

36 அங்குலம் என்ற அளவுக்கும் காரணம் உண்டு. 44 அங்குல அகலத் துணியில் கரையை வெட்டினால் 42 அங்குலம் நிற்கும். அடித்துணி மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 அல்லது 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். 36 அங்குலம் என்றால் அடித்துணியை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வைத்துவிடலாம். 45 என்று நீட்டினால் ஒட்டு வேண்டும், அதற்கே அரை நாள் போய்விடும்.

மேல்துணிக்கு 5 அங்குலச் சதுரங்கள் 64, வரிசைக்கு 8 வீதம் 8 வரிசை. தைத்து முடித்தால் ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலம் நிற்கும். ஆனால் தையலுக்கு விடும் கால் அங்குலம் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஒரு தையலில் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடினால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்ந்து ஒரு நூல் போய்விடும். ஒரு வரிசையில் 7 தையல், ஆக 7 நூல், ஏறக்குறைய ஒரு அங்குலம். ஒரு வரிசை 36, அடுத்தது 35 என்று வந்தால் இழுத்துப் பொருத்தத்தான் தோன்றும். இழுத்த இடம் துவைத்த பிறகு சுருங்கிக் காட்டிக்கொடுக்கும்.

மெஷினின் ஊசித்தட்டில் உள்ள கோட்டை நம்பாமல் ஒரு சோதனை செய்துபாருங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை மட்டும் அளந்துபாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலில் துணி அதிகமாகப் போகிறது. மடிப்புக்கே ஒன்றிரண்டு இழை செலவாகும், எனவே கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவாகத் தைப்பதுதான் சரி. அளவு கிடைத்த இடத்தில் தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டால் வாரம் முழுக்கக் கவலையில்லை. இணைப்புக்குத் தையல் நீளம் 2 மி.மீ.; குவில்ட் தையலுக்கு 3 மி.மீ. நல்லது.

இஸ்திரியைத் துணி மேல் இழுத்துத் தேய்க்காதீர்கள். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் சதுரம் கோணிவிடும். ஒற்றைப்படை வரிசைகளின் தையலை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளின் தையலை வலப்பக்கமும் மடித்து அழுத்துங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும், மூலைகள் தானாகச் சேரும். விரலால் தடவினாலே பூட்டிக்கொண்டது தெரியும்.

துணியை வெட்டும் முன் துவைக்க வேண்டுமா என்ற வாதம் எப்போதும் உண்டு. தானத்துக்குப் போகும் குவில்ட் என்றால் துவைத்துவிடுவதே மேல். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம், சிவப்பும் அடர்நீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். பழைய துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; நைந்த இடம் தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

குவில்ட்டின் பின்பக்கம் சுருக்கம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் இல்லை, பின் குத்திய விதம்தான். அடித்துணியின் தப்புப் பக்கம் (உள்ளே மறையும் பக்கம்) மேலே வரும்படி தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், முரசுத் தோல்போல இழுத்துவிடக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி டேப்பை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அப்போது மேல்துணி மடிந்து நிற்கும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக சேஃப்டி பின் போடுங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 80 பின் ஆகும். போட்ட பின்னை எண்ணிக் குறித்துவையுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். குழந்தை உட்காரப்போகும் துணியில் ஒரு பின்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

குவில்ட் தையலுக்கு மெஷினில் வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதத்தை மாட்டுங்கள், மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகரும். நடுக்கோட்டை முதலில் தைத்து, பிறகு இரு பக்கமும் விலகிப் போங்கள். கோடுகளுக்கு இடையே எவ்வளவு விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். சில வகை 8 அங்குலம்வரை தாங்கும், சில வகைக்கு 3 அங்குலத்துக்கு மேல் விட்டால் துவைத்ததும் பஞ்சு திரண்டு உருண்டைகளாகிவிடும். அந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் 4 பட்டை போதும். சுற்றளவு 144, மூலைக்கும் இணைப்புக்கும் 12, ஆக 156 அங்குலம். பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் ஒட்டு தடிக்காது. தைக்கும்போது பட்டையை இழுத்துப் பிடித்தால் ஓரம் அலை அலையாகும். மூலை வரும்போது கால் அங்குலம் முன்னதாகவே நிறுத்திவிட்டுத் திருப்புங்கள்.

பாத்திரம் பிடிக்கும் துணியில் பாலியெஸ்டர் பஞ்சு வைப்பது ஆபத்தான தவறு. சூட்டில் உருகும். பருத்திப் பஞ்சு இரண்டு அடுக்கு வையுங்கள். மைக்ரோவேவுக்குள் போகும் கிண்ண உறை என்றால் துணி, பஞ்சு, நூல் மூன்றும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பளபளக்கும் உலோகப்பூச்சு விரிப்பு அதற்குள் கூடவே கூடாது, தீப்பொறி பறக்கும்.

தானம் பெறும் இடத்தைத் துணி வெட்டும் முன்பே கேளுங்கள், தைத்து முடித்தபின் அல்ல. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் குறிப்பிட்ட அளவு கேட்பார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடியில் போடும் குவில்ட் அகலமாக இருந்தால் சக்கரத்தில் சிக்கும். மருத்துவமனைச் சலவை கொதிநீரில் நடக்கலாம், அதைத் தாங்காத துணி முதல் வாரத்திலேயே பாழாகும். பொத்தான், மணி, ரிப்பன், தொங்கும் நூல் முடிச்சு எதுவும் குழந்தைக்கான குவில்ட்டில் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை வைக்கக் கூடாது. எனவே தரையில் விரித்து விளையாடத்தான் இது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், துவைக்கும் முறையையும் அதிலேயே சேர்த்து. கடைசித் துவைப்புக்கு மணமில்லாத சோப்பு போதும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், உலர்ந்ததும் மூடிய பையில் போட்டுவிடுங்கள். அதன் ரோமமே சிலருக்கு ஒவ்வாது.