ட்ரோன் வாங்கப் போகிறீர்களா? பலர் சறுக்கும் இடங்கள் இவை

ட்ரோன் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். பல ஆயிரம் ரிங்கிட் எடுத்துவைத்துக்கொண்டு வருபவரும் அதைத்தான் கேட்கிறார். எனக்கு அது உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த எண்ணில் தெரிவது கொஞ்சம்தான். டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 ட்ரோனில் முதன்மைக் கேமரா 20 மெகாபிக்சல், மினி 4 ப்ரோவில் 48. ஆனால் ஒளியைப் படமாக்கும் சென்சார் மேவிக்கில் பெரியது, 4/3 அங்குலம், மினியின் சென்சார் 1/1.3 அங்குலம். நல்ல வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பினாங்கின் பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் சூரியன் இறங்கிய பிறகு எடுத்த காட்சியைப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள், சின்ன சென்சாரின் நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும்.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு. இதைக் கேட்பவர்கள் குறைவு. மேவிக் 3-இல் எஃப் 2.8-இலிருந்து எஃப் 11 வரை மாற்றலாம். மினி 4 ப்ரோவிலும் அதே நிறுவனத்தின் ஏர் 3எஸ்-இலும் அது நிலையானது. வீடியோ நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 நொடி பக்கம் இருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். நம் ஊர் மதிய வெயிலில், லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் அது நடக்காது, படம் வெளுத்துவிடும். எனவே பட்ஜெட் போடும்போதே ஃபில்டர் செட்டுக்கும் கூடுதல் பேட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள். மூன்று பேட்டரியோடு ஏர் 3எஸ் வாங்குவது, ஒரே பேட்டரியோடு மேவிக் வாங்கிவிட்டு அரை மணியில் வீடு திரும்புவதைவிட நல்லது என்பேன்.

பேட்டரி பற்றி இன்னொன்று. மேவிக் 3-க்கு விளம்பரத்தில் 46 நிமிடம். அது காற்றே இல்லாத இடத்தில் ஒரே சீரான வேகத்தில் பறக்கவிட்டு எடுத்த கணக்கு. பினாங்குக் கடலோரத்தில் நான் 30 நிமிடத்துக்கு மேல் நம்புவதில்லை. ஒருமுறை காற்று போகும் திசையிலேயே கடலுக்குள் விட்டுவிட்டேன், போகும்போது பறந்து போனது, திரும்பும்போது எதிர்க்காற்றில் ஊர்ந்து வந்தது, மணலில் இறங்கும்போது பேட்டரி 8 விழுக்காடு. அன்றிலிருந்து முதலில் காற்றை எதிர்த்துத்தான் அனுப்புகிறேன். மினி 4 ப்ரோ தாங்கும் காற்று நொடிக்கு 10.7 மீட்டர், மேவிக் 3 தாங்குவது 12. கடலோரத்தில் எடுப்பவர் இந்த எண்ணையும் பாருங்கள். மழையில் இரண்டையும் பறக்கவிடாதீர்கள்.

விலை குறைவு என்று அதிகாரப்பூர்வ உத்தரவாதம் இல்லாத செட்டை வாங்குவதும் தவறு. நானே அப்படி ஒன்று வாங்கி, கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலின் கேபிள் போனபோது மிச்சப்படுத்தியதைவிட அதிகமாகச் செலவழித்தேன். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள்.

அப்புறம், எங்கே பறக்கவிடப் போகிறோம் என்பதை யோசிக்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துப் பக்கமோ கோலாலம்பூரின் கேஎல்சிசி கோபுரங்களைச் சுற்றியோ நினைத்தபடி பறக்கவிட முடியாது. மினி மாதிரி 249 கிராம் எடைதானே என்பது அங்கே செல்லாது. ட்ரோனை இயக்கும் ஆப் தடுக்கவில்லை என்பதும் அனுமதி ஆகாது. 400 அடிக்கு மேல் போவதற்கும், காசு வாங்கிக்கொண்டு எடுப்பதற்கும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் அனுமதி வேண்டும். வான்வழிப் படங்களுக்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம்மின் அனுமதி தனி.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையையோ பத்துமலையையோ எடுக்கும் ஆசையில் வாங்குபவர்கள் நிறைய. அவர்கள் தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70 மிமீ லென்ஸும் உள்ள மாடலைப் பார்க்கலாம், ஏர் 3எஸ்-இலும் மேவிக் 3 ப்ரோவிலும் அது இருக்கிறது. கூட்டத்தின் தலைக்கு மேல் போகாமல் தள்ளி நின்றே பத்துமலை முருகன் சிலையின் 42.7 மீட்டர் உயரத்தையும் பின்னால் இருக்கும் சுண்ணாம்புப் பாறையையும் நெருக்கமாகச் சேர்த்து எடுக்கலாம். ஆனால் அதற்கும் அனுமதி வேண்டும், அனுமதிக்கு நாளாகும். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெட்டியைப் பிரித்தால் அந்த வருடம் கீழே நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கும்.